எலி வங்கும் கொறங்காடும்

வணக்கம் ஐயா. காங்கயம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கொறங்காடு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலம், இருக்கிறது. இரண்டு வருடமாகப் புல் சரியில்லை. காடு முழுக்க வெள்ளெலி வங்கு (வளை), நூற்றுக்கு மேல் எண்ணினேன். எலிதான் புல்லை அழிக்கிறது, மருந்து வை என்கிறார்கள். வைக்கலாமா? மயில் தொல்லைக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

அன்புள்ள தம்பி,

மயிலை இன்னொரு நாள் பார்ப்போம். மருந்து வைக்காதே.

கொஞ்ச நாளாகத் திபெத்தியப் பீடபூமியின் பைக்காவைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். பார்வைக்கு எலி, இனத்தில் முயலுக்குச் சொந்தம். யாக் மாடு மேய வேண்டிய புல்லைத் தின்கிறது என்று சீனாவின் சிங்ஹாய் மாகாணத்தில் மட்டும் 1960-லிருந்து 1990-க்குள் 2 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் நஞ்சு வைத்தார்கள். பைக்கா மளமளவென்று குட்டி போட்டு மறுபடி பெருகியது. அதன் வளையில் கூடு கட்டும் பனிக்குருவிகள்தான் நஞ்சு வைத்த இடங்களில் அருகிப்போயின. நரிக்கும் வல்லூறுக்கும் பழுப்புக் கரடிக்கும் இரை போனது. ஆண்ட்ரூ ஸ்மித் போன்ற ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். பைக்கா வாழும் நிலத்தில் மழைநீர் வேகமாக உள்ளே இறங்குகிறது; நஞ்சு வைத்த நிலத்தில் அப்படி இறங்குவதில்லை. மஞ்சள் ஆறும் யாங்சியும் மீகாங்கும் பிறக்கிற பூமி அது!

பைக்காவுக்கு உயரப் புல் ஆகாது. நரி வருவது தெரிய வேண்டுமே. அதனால் ஆடும் யாக்கும் மேய்ந்து கட்டையாக்கிய இடத்தில்தான் அது பெருகும். முதலில் புல் போகிறது, அப்புறம்தான் வளை வருகிறது. பழி மட்டும் வளைக்கு.

வெள்ளெலியும் பைக்காவும் ஒன்றல்ல. வெள்ளெலி விதையும் வேரும் தின்னும், வெள்ளாமையில் சேதம் செய்யும். சரி. ஆனால் உன்னுடையது மேய்ச்சல் காடு. வங்கை எண்ணத் தெரிந்த உனக்கு, அந்தக் காட்டில் எத்தனை உருப்படி ஆடுமாடு மேய்கிறது என்று எழுதத் தோன்றவில்லையே! எனக்கு அதில்தான் கோபம்.

எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) காட்டிலும் வங்கு இருந்தது. மழை பெய்தால் தண்ணீர் அதற்குள் சுழித்து இறங்குவதைக் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். சாரையும் உடும்பும் அங்கேயே சுற்றும். எலியை அவை பார்த்துக்கொள்ளும் என்று அப்பிச்சி விட்டுவிடுவார். படலைச் சாத்தி ஆட்டை நிறுத்துவதில்தான் அவர் கறார்.

மருந்து கலந்த தானியத்தைக் கவுதாரியும் பொறுக்கும், தம்பி. வாங்கியிருந்தால் பிரிக்காமல் திருப்பிக் கொடு. இந்த ஐப்பசி மழைக்குப் பாதிக் காட்டில் ஆடு இறக்காதே. கொழுக்கட்டைப் புல் கதிர் விட்டு விதை உதிர்ந்த பிறகு படலைத் திற. உருப்படிக் கணக்கை எழுதி அனுப்பு.