எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று, இன்னொன்று எதற்கு?

கேள்வி: என் மனைவிக்கு 36 வயது. இரண்டு முறை வலிப்பு வந்து, எம்.ஆர்.ஐ.யில் மூளையின் இடது முன்பகுதியில் கட்டி என்று தெரிந்தது. ஆபரேஷனுக்கு முன் 'ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ.' வேண்டுமாம். ஏற்கெனவே எடுத்தது போதாதா? அவளுக்கு இடது கைப் பழக்கம். வீட்டில் தெலுங்கு பேசுவோம். பேச்சு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், கோவில்பட்டி

பதில்: முதலில் எடுத்தது கட்டி எங்கே என்று காட்டியது. அவருடைய பேச்சு எங்கே என்று அது காட்டாது. வலது கைக்காரர்களில் 100-க்கு 95 பேருக்குப் பேச்சு மூளையின் இடது பாதியில்தான். இடது கைக்காரர்களில் அது சுமார் 70 பேர். மற்றவர்களுக்கு வலது பக்கமோ, இரண்டு பக்கமுமோ. அதனால் உங்கள் மனைவி விஷயத்தில் ஊகிக்க முடியாது, பார்த்துவிட வேண்டும். 1861-ல் பாரிஸில் புரோக்கா என்ற மருத்துவர், 'டான்' என்பதைத் தவிர வேறு பேச வராத ஒருவரின் மூளையில் அந்த இடத்தைத் தேடினார். அதற்கு அந்த ஆள் இறக்க வேண்டியிருந்தது!

இப்போது ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ.யில் ரத்தத்தைக் கவனித்தே கண்டுபிடிக்கலாம். மூளையில் வேலை செய்யும் இடத்துக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாக ஓடும். ஐந்தாறு விநாடியில் அது உச்சத்துக்கு வரும். 'கத்தி' என்றால் 'வெட்டு' என்பதுபோல் மனத்துக்குள் சொல் தேடச் சொல்வார்கள், அப்புறம் சற்று ஓய்வு, மறுபடி சொல். வாய்விட்டுச் சொன்னால் தலை அசைந்து படம் கெட்டுவிடும். கதிர்வீச்சு கிடையாது. சத்தம்தான் காதைப் பிளக்கும், அடைப்பான் தருவார்கள்.

இதில் பாதி வேலை உங்கள் மனைவியுடையது. உள்ளே கண்ணயர்ந்துவிட்டால் படத்தில் ஒன்றும் தெரியாது. கட்டியை ஒட்டிய ரத்தக் குழாய்களும் சரியாக எதிர்வினை காட்டாமல் போகலாம். வேலை செய்த இடம் படத்தில் நிறமாகத் தெரியும்; அதற்காக நிறம் இல்லாத இடமெல்லாம் வெட்டலாம் என்று அர்த்தமில்லை. ஆகவே சிலருக்கு ஆபரேஷனின்போதே விழிக்க வைத்து, படங்களின் பெயரைச் சொல்லச் சொல்லி, மூளையில் மெல்லிய மின்சாரம் தொட்டுப் பார்ப்பார்கள். தொட்டதும் சொல் தடுமாறினால் அந்த இடத்தை விட்டுவிடுவார்கள். மூளைக்கு வலி தெரியாது. உங்கள் மனைவிக்கும் அப்படிச் செய்வார்களா என்று கேளுங்கள். ஆபரேஷனுக்குப் பின் வீக்கத்தால் சில நாள் பேச்சு தடுமாறித் திரும்புவதும் உண்டு.

தெலுங்கு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரு மொழிகளும் பெரும்பாலும் ஒரே பகுதிகளைப் பயன்படுத்தினாலும், மின்சாரம் தொட்டால் ஒரு மொழி மட்டும் தடைபடும் சிறு இடங்கள் உண்டு. இரண்டிலும் சோதிக்கச் சொல்லுங்கள். அவருக்குத் தெலுங்கு எழுத்து தெரியாவிட்டால், திரையில் எழுத்துக்குப் பதில் படமோ காதில் குரலோ கேளுங்கள். சொல் விளையாட்டை முந்தின நாளே பழகட்டும். கண்ணாடி போடுபவர் என்றால் அதையும் சொல்லுங்கள். உலோகச் சட்டம் உள்ளே போகக் கூடாது. அன்றைய வலிப்பு மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.