நாலு மாலை எதற்கு?

கேள்வி: 3 வருடமாக வீட்டு அறையில் ஸ்டுடியோ வைத்து, பிறர் பாடல்களுக்கு டிரம்ஸ் வாசித்து அனுப்புகிறேன். சுவரில் ஃபோம் ஒட்டியிருக்கிறேன். மைக் நாலுதான். ஒரு பாட்டுக்கு நாலு மாலை ஆகிறது. முடிக்கும்வரை மனைவி கைக்குழந்தையோடு வெளியே உட்கார்ந்திருப்பார். குறை சொன்னதே இல்லை. வேலையை விட்டு, எட்டு மைக் வாங்கி முழுநேரமாக இறங்கலாமா?

பதில்: மைக் இருக்கட்டும். பாட்டுக்கு நாலு மாலை மனைவியும் குழந்தையும் வெளியே இருப்பதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். குறை சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்களா? அவரைக் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

நாலு மாலை ஆகிறதென்றால், டிரம்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பாட்டையே கற்கிறீர்கள் என்று அர்த்தம். ட்ராக் வந்ததும் பல்லவி, சரணம், இடையிசை எத்தனை பார் (தாளச் சுற்று), எங்கே ஃபில் (பகுதிகளை இணைக்கும் சிறு வாசிப்பு), எங்கே நிறுத்தம் என்று தாளில் எழுதுங்கள். வேகம் நடுவில் மாறுகிறதா என்று இசையமைப்பாளரிடம் அன்றே கேளுங்கள். பிராக்டிஸ் பேடில் (சத்தம் குறைந்த ரப்பர் தட்டு), காதில் கிளிக்கோடு (வேகம் காட்டும் டிக் டிக் ஒலி), பாட்டு கையில் உட்காரும்வரை வாசியுங்கள். இதற்காக வீட்டில் யாரும் எழுந்து போக வேண்டியதில்லை. பிறகு மைக் முன்னால் முழுதாக மூன்று டேக் (பதிவு); பிசகிய இடத்தில் மட்டும் பஞ்ச், அதாவது மறுபதிவு. ட்யூனிங் சேர்த்தாலும் ஒரே மாலையில் முடிகிற வேலை.

கிக்குக்கு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒன்று, ஸ்னேருக்கு (முன்னால் இருக்கும் சுள்ளென்ற ஒலி டிரம்) ஒன்று, தலைக்கு மேல் இரண்டு: நாலு மைக் போதும். ஸ்னேரின் நடுவிலிருந்து மேல் மைக் இரண்டுக்கும் ஒரே தூரம்தானா என்று கயிறு பிடித்து அளந்து பாருங்கள். தூரம் மாறினால் ஒலி முன்பின்னாக வந்து சேர்ந்து ஸ்னேர் மெலிந்துபோகும். எட்டு மைக்கில் இந்தத் தொல்லை கூடத்தான் செய்யும். கூரை தாழ்வென்றால் டிரம்ஸுக்கு நேர் மேலே 10 செ.மீ. கனமுள்ள ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் கல் இழை) பலகை தொங்கவிடுங்கள். எல்லா ஃபைலும் பாட்டின் பூஜ்ய நொடியிலிருந்தே தொடங்கட்டும்; 24 பிட் வேவ் (சுருக்காத ஒலி ஃபைல்), இசையமைப்பாளர் அனுப்பிய அதே சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிகிறது என்ற கணக்கு). இதில் தவறுபவரை மறுமுறை கூப்பிட மாட்டார்கள். எத்தனை திருத்தம் என்பதையும் முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அந்த ஃபோம் அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும். சத்தம் வெளியே போவதைத் தடுக்காது. அதற்குக் கனமும் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும். டிரம்ஸ் சத்தம் சுலபமாக 100 டெசிபெலைத் தொடும். அந்த அளவில் பெரியவர்களுக்கே நாளுக்கு 15 நிமிடம்தான் என்பது அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான NIOSH-இன் பரிந்துரை. குழந்தை அங்கே இருக்கக் கூடாது, சரி. ஆனால் எந்த நாள், எத்தனை மணி என்பதை மனைவி சொல்லட்டும். டேக் நன்றாக வந்துகொண்டிருந்தாலும் அந்த நேரத்தைத் தாண்டாதீர்கள்.

வேலையை விடாதீர்கள். பால் குடிக்கிற குழந்தையின் வீட்டு வருமானத்தைப் பந்தயம் கட்ட உங்களுக்கு உரிமை கிடையாது. பழைய ஆட்களே திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, அந்தப் பணத்திலேயே ஆறு மாத வீட்டுச் செலவு ஓடட்டும், அப்போது மனைவியோடு பேசுங்கள். மைக்குக்கு ஒதுக்கியதில் அந்த அறைக்குக் கனமான கதவு போட்டு, இடுக்குகளை ரப்பர் பட்டியால் அடையுங்கள்.