சவச்சீலையில் இருந்து ஒரு முகம்

கேள்வி: இயேசுவின் உடலைச் சுற்றியது என்று பலர் நம்பும் டூரின் சவச்சீலையை வைத்து ஒரு கலைஞர் கம்ப்யூட்டரில் இயேசுவின் முகத்தை உருவாக்கியிருக்கிறாராமே? மங்கலான ஒரு கறையில் இருந்து முழு முகத்தை எப்படி எடுக்க முடியும்?

பதில்: அவர் ரே டவுனிங், அமெரிக்கர். 2010-ல் ஹிஸ்டரி சேனலுக்காக அதைச் செய்தார். துணி இத்தாலியில் டூரின் நகரப் பேராலயத்தில் இருக்கிறது. சுமார் 4.4 மீட்டர் நீள லினன், அதில் ஒரு மனிதரின் முன்பக்கமும் முதுகும் தலையோடு தலை சேர்ந்த மாதிரி வெளிர்பழுப்பில் பதிந்திருக்கிறது. கிட்டப்போய்ப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது, சில அடி தள்ளி நின்றால்தான் உருவமே தெரியும்.

1898-ல் செகோண்டோ பியா என்ற இத்தாலியப் புகைப்படக்காரர் அதைப் போட்டோ எடுத்துக் கழுவியபோது, வெளிச்சமும் இருளும் இடம் மாறித் தெரியும் நெகட்டிவில் தெளிவான முகம் தெரிந்தது. அதாவது துணியில் இருப்பதே நெகட்டிவ் மாதிரியான ஒன்று! அப்புறம் 1976-ல் படத்தின் வெளிச்ச அளவை மேடுபள்ளமாக மாற்றிக் காட்டும் விபி-8 என்ற கருவியில் அந்தப் படத்தைப் போட்டதும் மேடுபள்ளத்தோடு ஓர் உருவம் எழுந்தது. சாதாரணப் போட்டோவைப் போட்டால் முகம் கோணல்மாணலாகத்தான் வரும். இதில் மூக்கு, நெற்றி போல துணியை ஒட்டியிருந்திருக்கும் இடங்கள் அழுத்தமாகவும், விலகியிருந்திருக்கும் இடங்கள் வெளிறியும் இருப்பதால், நிறத்தின் அடர்த்தியை ஆழமாக மாற்ற முடிகிறது. டவுனிங் பிடித்துக்கொண்ட நூல் இதுதான்.

ஆனால் உடம்பின்மேல் வளைந்து கிடந்த துணியை விரித்தால் உருவமும் மாறிப்போகும், அதைக் கணக்கிட்டுச் சரிசெய்ய வேண்டும், ரத்தக்கறையை உருவத்தில் இருந்து பிரிக்க வேண்டும், நெசவின் கோடுகளை முகத்தின் கோடுகள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இவ்வளவு பொறுமையான வேலையை நான் மனதார மதிக்கிறேன். அப்படியும் தோலின் நிறம், கண்ணின் நிறம் துணியில் கிடையாது. அவற்றைக் கொடுத்தது கலைஞரின் தீர்மானம்.

கேள்வி: கார்பன் சோதனையில் அது இடைக்காலத் துணி என்று வந்துவிட்டதே, பிறகு எப்படி இயேசு என்கிறார்கள்?

பதில்: 1988-ல் ஆக்ஸ்போர்டு, சூரிக், அரிசோனா ஆகிய மூன்று ஆய்வகங்களும் சோதித்து, 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்ட துணி என்றன. மாதிரியை ஒரே மூலையில் வெட்டி எடுத்தார்கள் என்ற ஆட்சேபம் இன்னும் ஓயவில்லை, ஆனாலும் அந்த முடிவை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. 1998-ல் டூரின் வந்த போப் இரண்டாம் ஜான் பாலே, இதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி திருச்சபைக்கு இல்லை, ஆராய்வது விஞ்ஞானிகளின் வேலை என்றுதான் சொன்னார். எனவே டவுனிங் தந்தது துணியில் உள்ள மனிதரின் முகம். அவர் யார் என்பது வேறு கேள்வி, அதற்கு எந்த மென்பொருளும் பதில் சொல்லாது. பக்தியோடு அந்த முகத்தைப் பார்ப்பவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அடுத்த முறை பார்க்கும்போது பியாவின் நெகட்டிவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் கண்கள் மூடியிருக்கும்.