வாசகர் கேள்விகள்: படிக்க வந்தவர்களும் ஊர்க்காரர்கள்தான்

சென்ற இதழில் கல்லூரி ஊர்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சிதம்பரத்திலிருந்தும் அண்ணாமலைநகரிலிருந்தும்தான். நான் படித்ததும் அங்கேதான் என்பதால் இந்த முறை அந்தக் கடிதங்களையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: இருபது வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். முன்பு இருந்த வியாபாரத்தில் பாதிகூட இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு எடுத்துக்கொண்டதுதான் காரணம் என்கிறார்கள் இங்கே. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (கடைக்காரர், அண்ணாமலைநகர்)

உங்கள் கஷ்டம் புரிகிறது, ஆனால் அந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை. 1920-ல் மீனாட்சி கல்லூரி, 1929-ல் பல்கலைக்கழகம் என்று அண்ணாமலை செட்டியார் தொடங்கி வைத்ததிலிருந்து அந்த ஊர் ஒரே நிறுவனத்தை நம்பித்தான் வளர்ந்தது. 1979-ல் தொலைதூரக் கல்வி வந்த பிறகு தொடர்பு வகுப்புக்கும் பரீட்சைக்கும் வெளியூரிலிருந்து வந்தவர்கள் லாட்ஜ், மெஸ், ஜெராக்ஸ் கடை எல்லாவற்றையும் நிரப்பினார்கள், பாடப் புத்தகக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறியவர்களை நானே பார்த்திருக்கிறேன். கூடவே ஊழியர் எண்ணிக்கையும் தேவைக்கு மிஞ்சி ஏறிக்கொண்டே போய், கடைசியில் சம்பளம் கொடுக்கவே திண்டாடும் நிலை வந்தது. அதனால்தான் 2013-ல் அரசு தனிச் சட்டம் போட்டு எடுத்தது. எடுக்காமல் விட்டிருந்தால் உங்கள் கடைக்கு இன்னும் மோசமாகத்தான் ஆகியிருக்கும்.

மிகுதியான ஊழியர்களை வேறு மாவட்டங்களில் இருக்கும் அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாற்றினார்கள். அது அடி, அதை மறுக்க முடியாது. ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போனால் வாடகை, பால் கணக்கு, மளிகைக் கணக்கு, பிள்ளைகளின் ட்யூஷன் எல்லாம் சேர்ந்தே போகிறது. ஆனால் நீங்கள் பார்க்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. 2021-லிருந்து கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகள் இந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கின்றன. அங்கிருந்து சான்றிதழ் வேலையாக அலைந்து வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, ஸ்கேன் செய்வது, ஆய்வேடு பைண்டிங் என்று ஒரே இடத்தில் முடித்துக் கொடுக்கிற கடையாக உங்கள் கடையை மாற்றிப் பாருங்கள். பழைய கூட்டம் திரும்பி வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்திருக்கிறோம். பத்து மாத வாடகை அட்வான்ஸ். காலி செய்யும்போது வெள்ளையடிக்க, குழாய் மாற்ற என்று பாதியைப் பிடித்துக்கொள்வார்கள் என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். (பொறியியல் மாணவர்)

எனக்கும் இது நடந்திருக்கிறது தம்பி, அந்தப் பணம் கடைசி வரை வரவில்லை. அப்போது எங்களிடம் காகிதமே கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. இப்போது நிலைமை வேறு. 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எழுத்துமூல ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. அந்த "வேறுவிதமாக" என்பதில்தான் பலர் மாட்டுகிறார்கள், அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வரியைப் படியுங்கள். குடிபுகும் அன்றைக்கே சுவர், குழாய், மின்விசிறி எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள், பின்னால் பேச்சு வராது.

பெண்கள் விடுதியில் சேர்கிறவர்கள் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். 2014-ம் வருடச் சட்டப்படி அந்த விடுதிக்கு உரிமம் இருக்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

கேள்வி: பையன்கள் ராத்திரி பதினோரு மணிக்கு டீக்கடை வாசலில் கூட்டம் போடுகிறார்கள். வீட்டில் வயதானவர்கள் தூங்க முடியவில்லை. போலீஸில் சொல்லலாமா? (ஒரு வாசகி, சிதம்பரம்)

முதலில் அவர்களிடமே சொல்லுங்கள் அம்மா. "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கப்பா" என்றால் பத்தில் ஒன்பது பையன்கள் நகர்ந்துவிடுவார்கள். ஒருநாள் நின்று பெயர் கேளுங்கள், எந்த ஊர், என்ன படிக்கிறாய் என்று கேளுங்கள். பெயர் தெரிந்த வீட்டு வாசலில் யாரும் சத்தம் போட மாட்டார்கள்.

கேள்வி: மூன்று வருஷம் இங்கே இருக்கப் போகிறேன். சாக்கடை, தெருவிளக்கு, பஸ் எல்லாம் என் பிரச்சினைதான், ஆனால் "நீ வெளியூர், உனக்கென்ன" என்கிறார்கள். (முதுகலை மாணவி, விடுதி)

அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமையே இல்லை. விடுதியில் தங்கிப் படிப்பவர் சொந்த ஊரிலோ படிக்கும் ஊரிலோ வாக்காளராகப் பதியலாம் என்று தேர்தல் ஆணையமே சொல்கிறது. படிப்பு அங்கீகாரம் பெற்றதாகவும் ஒரு வருடத்துக்குக் குறையாததாகவும் இருக்க வேண்டும், கல்லூரித் தலைமையிடம் ஒரு சான்று வாங்கி இணைக்க வேண்டும். புதிதாகப் பதிய படிவம் 6, ஊரில் ஏற்கெனவே பெயர் இருந்தால் முகவரி மாற்ற படிவம் 8. இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்ளக் கூடாது. அண்ணாமலைநகர் தனிப் பேரூராட்சி, சிறிய வார்டுகள். ஒரு விடுதியில் நூறு பேர் பதிந்தால் அந்த வார்டு உறுப்பினர் உங்கள் தெருவிளக்கைப் பற்றிக் கேட்டுக்கொண்டு தானாகவே வருவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாணவர்கள் கேட்டதால் அந்த வட்டாரத்துக்கே நல்லது நடந்த கதை பக்கத்திலேயே இருக்கிறது. ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் கட்டணத்தை எதிர்த்து 2020 டிசம்பரில் உட்கார்ந்தார்கள், ஐம்பது நாளுக்கு மேல் உட்கார்ந்தார்கள், 2021-ல் அரசு அதைச் சுகாதாரத் துறையின் கீழ் கொண்டுவந்து அரசு மருத்துவக் கல்லூரியாக்கியது. போராடியவர்களில் நிறையப் பேர் வெளியூர்ப் பிள்ளைகள். இன்று அந்த ஆஸ்பத்திரியால் பயன்பெறுவது யார்? சிதம்பரத்துக்காரரும் புவனகிரிக்காரரும் காட்டுமன்னார்கோவில்காரரும்தானே.

கேள்வி: மழை வந்தால் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். இவ்வளவு பெரிய பல்கலைக்கழகம் பக்கத்தில் இருந்து என்ன பயன்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், சிதம்பரம்)

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன் ஐயா. உங்கள் ஊர் கொள்ளிடத்தின் கடைமடை, கடல் பக்கத்தில் இருக்கிறது, நிலம் தட்டை. மேலேயிருந்து வரும் தண்ணீரும் ஊரில் பெய்யும் மழையும் கான்சாகிப் வாய்க்கால் மாதிரி சில வடிகால்கள் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் சாக்கடை ஒரு சாண் ஏறி இறங்கினால்கூடத் தண்ணீர் நின்றுவிடும். அதைக் கண்டுபிடிக்கத் தெருத் தெருவாக மட்டம் எடுக்க வேண்டும், அதைத்தான் சிவில் மாணவர்கள் சர்வே வகுப்பில் கற்கிறார்கள். கற்றுக்கொள்ள வளாகத்துக்குள்ளேயே அளந்த இடத்தைத் திரும்பத் திரும்ப அளப்பதற்குப் பதில் உங்கள் தெருவை அளக்கலாமே!

இதற்கு முன்மாதிரி அங்கேயே இருக்கிறது. வேளாண்மை மாணவர்கள் இறுதியாண்டில் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை பார்க்க வேண்டும், அது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டத்திலும் ஒரு மாணவர் வருடத்துக்கு 120 மணி நேரம் வேலை செய்ய வேண்டும், அப்புறம் ஏழு நாள் முகாம் தனி. அந்த மணி நேரத்தை மரம் நட்டுப் படம் எடுப்பதில் செலவழிக்காமல் ஒரு வார்டின் வடிகால் வரைபடத்துக்குக் கொடுத்தால் நகராட்சிக்கு ஒரு பைசா செலவில்லை. நீங்கள் ஆசிரியராக இருந்தவர், உங்கள் பழைய மாணவர்கள் யாராவது அங்கே பேராசிரியராக இருக்கக்கூடும். தெருக்காரர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு துறைத் தலைவரைப் போய்ப் பாருங்கள், நகலை நகராட்சி ஆணையருக்குக் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும், அதனால் ஜூன், ஜூலையிலேயே போக வேண்டும்.

கேள்வி: அண்ணாமலைநகரில் இருக்கும் ராஜேந்திரன் சிலை யாருடையது? தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன். (முதலாண்டு மாணவர்)

1965 ஜனவரி 27-ம் தேதி இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அங்கே துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த மாணவர். உன்னைப் போலவே வெளியூரிலிருந்து படிக்க வந்தவர். ஒருநாள் நின்று பார்த்துவிட்டுப் போ. முடிந்தால் அப்படியே திருவேட்களம் கோயிலுக்கும் போய் வா. ஞானசம்பந்தர் அங்கே தங்கிக்கொண்டு தில்லைக்குப் போய் வணங்கி வந்தார் என்பார்கள், அந்தக் கோயிலுக்குப் பதிகமும் பாடியிருக்கிறார்.