சிகரெட் டப்பா அளவு அரிசி

வணக்கம் சார்,

முதுகலைப் பொருளாதாரம் முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பொருளாதாரம் படிக்கிறவர்கள் அந்த அறிஞர்களின் வாழ்க்கையையும் படிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. நியூட்டன் எப்படிப்பட்ட மனிதர் என்று தெரியாமலே புவியீர்ப்பு விதியைப் படிக்கிறோம். ஆடம் ஸ்மித் என்றால் கண்ணுக்குப் புலனாகாத கை. மால்தஸ் என்றால் மக்கள்தொகை பெருக்கல் விகிதத்தில் கூடும், உணவு கூட்டல் விகிதத்தில் கூடும். அமர்த்தியா சென் என்றால் பஞ்சம், 1998 நோபல். கருத்து சரியா தவறா என்பதுதானே கேள்வி? அவர் எங்கே பிறந்தார், என்ன வேலை பார்த்தார் என்பது ஒரு மதிப்பெண் வினாவுக்கு மேல் எதற்கு உதவும்?

க., விருதுநகர்

அன்புள்ள க.,

நீங்கள் வரிசையாக எழுதியிருக்கும் மூன்று பேரும் பஞ்சத்தைப் பற்றி எழுதியவர்கள். சென் எழுதியது உங்களுக்கே தெரியும். மற்ற இருவரும் எழுதியது வழிகாட்டி நூல்களில் வருவதில்லை. அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

ஸ்மித்தின் ‘நாடுகளின் செல்வம்’ 1776இல் வந்தது. அதில் தானிய வியாபாரத்துக்கென்று நீண்ட பகுதி ஒன்று உண்டு. விளைச்சல் பொய்த்த வருடத்தில் வியாபாரி விலையை ஏற்றுகிறான். ஏறிய விலை ஊரையே கையைச் சுருக்கிச் சாப்பிட வைக்கிறது. அதனால் இருக்கிற தானியம் அடுத்த அறுவடைவரை தாங்குகிறது. நடுக்கடலில் உணவு போதாது என்று தெரிந்ததும் கப்பல் தலைவன் மாலுமிகளின் படியைக் குறைப்பதைப் போல என்கிறார். அரசு நடுவில் புகுந்து விலையை அமுக்கப் பார்த்தால் தட்டுப்பாடு பஞ்சமாக முற்றிவிடும் என்பது அவர் முடிவு. வங்காளத்தில் 1770இல் நடந்ததையும் அப்படித்தான் விளக்குகிறார்: அரிசி வியாபாரத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்கள் விதித்த தடைகளும் சேர்ந்துதான் தட்டுப்பாட்டைப் பஞ்சமாக்கின என்று. கம்பெனியை அவர் கடுமையாகச் சாடினார். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

ஆனால் அந்தக் கப்பல் உவமையைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். தலைவன் படியைக் குறைத்தால் கப்பலில் எல்லாருக்கும் குறைகிறது. விலை ஏறினால் காசில்லாதவனுக்குக் குறைகிறது, அதுவும் அடியோடு. இது ஏன் ஸ்மித்தின் கண்ணில் படவில்லை? அவர் கிர்க்கால்டி என்ற ஸ்காட்லாந்துத் துறைமுக ஊரில் பிறந்தவர். அப்பா சுங்க அதிகாரி, பிற்காலத்தில் அவரே எடின்பரோவில் சுங்க ஆணையர். அவர் பழகிய சந்தைக்கு வருகிறவன் மெலிந்த பையோடு வந்தாலும் ஏதோ ஒரு நாணயத்தோடு வந்தான். கூலி வேலை நின்றுபோய், கையில் ஒன்றுமே இல்லாமல் சந்தை ஓரத்தில் நிற்கும் வங்காளத்துக் குடும்பத்தை அவர் காகிதத்தில் மட்டுமே அறிவார். இந்த வரலாறு தெரிந்தால் ஸ்மித் மீதுள்ள மதிப்பு குறையாது. அவர் வாதம் எதுவரை செல்லும் என்பது தெரியும்.

மால்தஸ் இதைவிட நல்ல உதாரணம். சர்ரே மாவட்டத்தில் ஓக்வுட் என்ற சிற்றூரின் தேவாலயத்தில் அவர் பாதிரியாராக இருந்தார். பிறவியிலேயே அன்னப்பிளவு உள்ளவர், பேச்சு தெளிவாக வராது. அவருடைய அப்பா, மனித குலம் முன்னேறிக்கொண்டே போகும் என்று நம்பிய மனிதர். அந்த அப்பாவோடு வீட்டில் நடந்த வாக்குவாதத்தில் பிறந்ததுதான் 1798இல் பெயர் போடாமல் வெளியான மக்கள்தொகைக் கட்டுரை. உங்கள் வழிகாட்டி நூலின் ஒற்றை வரி அதிலிருந்து வந்தது.

அடுத்த வருடம் அவர் நண்பர்களோடு நார்வே, ஸ்வீடன் பக்கம் பயணம் போனார். ஸ்வீடனில் அப்போது கடும் விளைச்சல் குறைவு. மரத்தின் உட்பட்டையையும் காய்ந்த கீரையையும் சேர்த்து ரொட்டி சுட்டுத் தின்றவர்களைப் பற்றிக் குறித்துவைத்திருக்கிறார். ஊர் திரும்பினால் இங்கிலாந்திலும் தட்டுப்பாடு. ஆனால் அங்கே பயிர் அவ்வளவு கெடவில்லை. அப்படியிருந்தும் விலை மட்டும் ஸ்வீடனைவிட அதிகமாக ஏறியிருந்தது. 1800இல் இதைப் பற்றி ஒரு சிறு வெளியீடு எழுதினார். இங்கிலாந்தில் திருச்சபை வட்டாரங்கள் ரொட்டி விலை ஏற ஏற ஏழைகளுக்குக் கொடுக்கும் பணத்தையும் ஏற்றின. வாங்கக் காசு இருந்ததால் விலை ஏறியது, ஆனால் ஏழையின் கைக்கும் ரொட்டி போய்ச் சேர்ந்தது. ஏழைகளுக்கான உதவிச் சட்டத்தை எதிர்த்து எழுதிய அதே மால்தஸ், அந்த நேரத்தில் அது தட்டுப்பாட்டின் பாரத்தைப் பலர் மேலும் பரப்பி நன்மை செய்தது என்று ஒத்துக்கொண்டார்.

வீட்டுக் கூடத்தில் அப்பாவோடு வாதாடி எழுதியபோது அவருக்கு உணவும் தலைகளும் இரண்டு எண்களாகத் தெரிந்தன. ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதியபோது, உணவு யார் கைக்குப் போகிறது என்ற கேள்வி வந்துவிட்டது. ஆள் ஒருவர்தான், இடைவெளி இரண்டு வருடம். நியூட்டனின் ஆப்பிள் யார் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் விழும். பஞ்சம் அப்படி இல்லை, எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து வேறு வேறாகத் தெரிகிறது.

என் வருத்தம் என்னவென்றால், உலகம் முதல் மால்தஸை எடுத்துக்கொண்டு இரண்டாவது மால்தஸை விட்டுவிட்டது. இது நம் தலையில்தான் விடிந்தது. கம்பெனி தன் வருங்கால அதிகாரிகளைப் பயிற்றுவிக்கத் தொடங்கிய கல்லூரியில் 1805இலிருந்து 1834இல் இறக்கும்வரை மால்தஸ்தான் பொருளாதாரப் பேராசிரியர். ஹெய்லிபரி என்பது அந்தக் கல்லூரி இருந்த இடம். இந்தியாவுக்குக் கலெக்டர்களாக வரவிருந்த பையன்கள் அவரிடம் பாடம் கேட்டார்கள். ஸ்மித், மால்தஸ், ரிக்கார்டோ ஆகியோரின் கருத்துகள் இங்கே எப்படி அரசாணைகளாக மாறின என்பதைச் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த எஸ். அம்பிராஜன் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நம்மவர் செய்த அந்த வேலையை நம்மூரிலேயே அதிகம் பேர் அறியாதது எனக்குப் பெரிய குறை.

அந்தக் கல்லூரியில் மால்தஸுக்குப் பின் படித்தவர் ரிச்சர்ட் டெம்பிள். 1873-74இல் பீகாரில் விளைச்சல் பொய்த்தபோது அவர் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துக் கொடுத்தார். பட்டினிச் சாவுகள் மிகக் குறைவு. பாராட்டு வரவேண்டிய இடத்தில், அரசுப் பணத்தை வாரி இறைத்தார் என்ற வசைதான் வந்தது. 1877இல் வைஸ்ராய் லிட்டன் அதே டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். இங்கே தாது வருஷப் பஞ்சம். இந்தமுறை அவர் சிக்கனக்காரராக வந்தார். நிவாரண வேலையில் மண் வெட்டும் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், மேலே சில்லறைக் காசு என்று படியை வெட்டினார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். நாள் முழுக்க வெயிலில் மண் சுமக்கிறவனுக்கு அதுதான் சாப்பாடு. தானிய வியாபாரத்தில் தலையிடக் கூடாது என்பது மேலிடத்துக் கொள்கை. சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் நிவாரண முகாம்களில் மெலிந்துகொண்டே போன உடல்களைப் பார்த்துவிட்டு, இந்தப் படி உயிரைத் தாங்காது என்று எழுதி எழுதிப் போராடினார். சில மாதம் கழித்துப் படி கூட்டப்பட்டது. அந்தப் பஞ்சத்தில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

சென்னையில் திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் பக்கிங்காம் கால்வாயைப் பார்த்திருப்பீர்கள். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அந்தத் துண்டு, 1877-78இல் பஞ்ச நிவாரணக் கூலிகள் வெட்டியது. என் அப்பாயி தன் பாட்டி சொன்னதாகச் சொல்வார்: “தாது வருஷத்துல புளியங்கொட்டைய வறுத்துத் தின்னோம்.” சின்ன வயதில் அது எனக்குக் கதை. ஒரு பவுண்டுக் கணக்கைப் படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

இப்போது சென். 1943இல் வங்காளப் பஞ்சம் வந்தபோது அவர் சாந்திநிகேதனில் ஒன்பது வயதுப் பையன். பசித்தவர்கள் வீட்டு வாசலுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். தாத்தா ஒரு சிறிய சிகரெட் டப்பாவைக் கொடுத்து, குடும்பத்துக்கு ஒரு டப்பா அரிசி அள்ளிப் போடலாம், அதற்கு மேல் கூடாது என்றார். வருகிறவர்கள் தீர மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பையன் இன்னொன்றையும் கவனித்தான்: அவனுடைய பள்ளியிலோ உறவிலோ யாரும் பட்டினி கிடக்கவில்லை. வீட்டில் அரிசி இருக்கிறது, வாசலில் சாவு நிற்கிறது.

1981இல் வந்த ‘வறுமையும் பஞ்சங்களும்’ நூலில் அந்தப் பையன் பார்த்ததுதான் கணக்காக விரிகிறது. 1943இல் வங்காளத்தில் இருந்த உணவு, அதற்கு முந்தைய ஐந்து வருடச் சராசரியைவிட ஏறத்தாழ 5 சதவீதம்தான் குறைவு. பஞ்சமே வராத 1941ஐவிட 13 சதவீதம் அதிகம். அப்படியும், சென்னின் கணிப்பில், சுமார் முப்பது இலட்சம் பேர் இறந்தார்கள். போர்ச் செலவால் விலை பறந்தது. விவசாயக் கூலி, மீனவர், நெல் குத்துகிற பெண்கள் ஆகியோரின் வருமானம் அதோடு பறக்கவில்லை. இந்தப் புள்ளிவிவரங்களை மறுத்தவர்களும் உண்டு, விவாதம் நடந்தது. என் படிப்பில் அவருடைய அடிப்படை வாதம் அசையவில்லை. அதே நூலில் மால்தஸின் 1800 வெளியீட்டையும் மதிப்போடு எடுத்துப் பேசுகிறார். உலகம் மறந்த இரண்டாவது மால்தஸை வங்காளத்துக்காரர் ஒருவர் மீட்டுக் கொடுத்தார்.

தேர்வு முடிந்ததும் அந்த நூலின் ஆறாம் அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள். போல்பூர் என்ற ஊரின் விலைகள் அதில் வரும். ஒருவருக்கு முடிவெட்டினால் எவ்வளவு அரிசி வாங்கலாம் என்று அங்கே கணக்குப் போட்டிருக்கிறார். பஞ்ச காலத்தில் ஜனங்கள் முடிவெட்டுவதைத்தான் முதலில் தள்ளிப்போடுவார்கள். நாவிதருக்கு வேலை குறைந்தது, வந்த கூலியின் மதிப்பு அரிசிக்கு எதிரே சரிந்தது. அந்த ஊரில் கடையில் அரிசி இருந்தும் அவருக்கு அது இல்லை என்பது ஒரே அட்டவணையில் தெரிந்துவிடும்.

போல்பூர் சாந்திநிகேதனுக்குப் பக்கத்து ஊர். படித்துவிட்டு எழுதுங்கள்.