வீடு மாறினால் நினைவூட்டல் வருமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் புற்றுநோய்ப் பரிசோதனைப் பதிவேட்டுக்குத் தனிச் சட்டமே இருக்கிறதாமே, எதற்கு?

பதில்: முன்பு கருப்பைவாய்ப் பரிசோதனைப் பதிவேடுகள் மாநிலவாரியாகத்தான் இருந்தன. மாநிலம் மாறினால் பழைய முடிவு கூடவே வராது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் தேசியப் பதிவேட்டை உருவாக்கியது. அனுமதியின்றி அதன் தகவலை வெளியிடுவது குற்றம். 2017 டிசம்பர் முதல், இரண்டாண்டுக்கு ஒருமுறை எடுத்த பாப் பரிசோதனைக்கு (கருப்பைவாய்ச் செல்களைப் பார்ப்பது) பதில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) பரிசோதனை. ஐந்து வருடம் யாருக்கு நினைவிருக்கும்? நினைவூட்டல் கடிதம் அவசியம்.

சிக்கல் முகவரியில்தான். பதிவேட்டுக்கு அது அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரிலிருந்து வருகிறது. அங்கே மாற்றாவிட்டால், இதே பதிவேட்டின் கீழ் வரும் குடல் புற்றுநோய்ப் பரிசோதனைப் பெட்டி (வீட்டிலேயே மல மாதிரி எடுப்பதற்கானது) பழைய வீட்டுக்கே போகும். பெட்டி வந்தால், இரண்டு வெவ்வேறு முறை மலம் கழிக்கும்போது ஒரு மாதிரி வீதம் எடுத்து, குழாயில் தேதி எழுதுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃபிரீசரில் கூடாது. பதிவேட்டிலிருந்து விலகலாம், நினைவூட்டலும் நின்றுவிடும்.