சர்க்கரை ஆலையில் தண்ணீரை ஏன் மணிக்கு ஒரு முறை சோதிக்கிறார்கள்? கண்டக்டிவிட்டி மீட்டர் போதாதா?

கேட்டவர் இங்கே சிங்கப்பூரில் ஒரு பாலிடெக்னிக்கில் வேதிப் பொறியியல் படிக்கிறாராம். சர்க்கரை ஆலையில் மணிக்கு ஒரு முறை தண்ணீரை எடுத்துச் சோதிப்பதாகப் படித்திருக்கிறார். அப்படி எதைத் தேடுகிறார்கள், தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று அளக்கும் கண்டக்டிவிட்டி மீட்டர் ஒன்றைக் குழாயில் மாட்டிவிட்டால் அந்த வேலை மிச்சம்தானே என்று கேட்டிருக்கிறார். இரண்டாவது பாதியைப் படித்ததும் சிரிப்பு வந்தது. சில வருடங்களுக்கு முன்னால் ஜூரோங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை மேலாளர் இதே கேள்வியை என்னிடம் கேட்டார், கொஞ்சம் கோபமாக. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நான் தமிழ்நாட்டில் ஒரு சர்க்கரை ஆலை லேபில் நான்கு அரவைப் பருவம் ஷிப்ட் கெமிஸ்டாக இருந்தவன். அப்புறம் சிங்கப்பூர் வந்து, பாய்லர் தண்ணீர், கூலிங் டவர் தண்ணீர் என்று அதே தண்ணீரோடுதான் பிழைப்பு. இங்கே கரும்பு ஆலை இல்லை. அமெரிக்கத் துணைத் தூதர் ஜோசப் பாலஸ்டியர் 1830களில் கரும்புத் தோட்டம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டார். பாலஸ்டியர் சாலையில் அவர் பெயர் மட்டும் நிற்கிறது. இன்றைக்குச் சிங்கப்பூரில் கரும்பு என்றால் உணவங்காடியில் சாறு பிழியும் கடைதான்.

சரி, ஆலைக்குப் போவோம். கரும்பின் எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். நாளைக்கு 2,500 டன் அரைக்கும் ஆலைக்குள் 1,750 டன் தண்ணீர் லாரியிலும் டிராக்டரிலும் கரும்பு வேஷம் போட்டுக்கொண்டு வந்து இறங்குகிறது. அதைப் பிரித்து வெளியே எடுப்பதுதான் ஆலையின் பாதி வேலை. 15 பிரிக்ஸ் சாற்றை (நூறு பங்கு எடையில் 15 பங்கு கரைந்த பொருள், பெரும்பாலும் சர்க்கரை) 60 பிரிக்ஸ் பாகாக்க வேண்டுமென்றால், 100 டன் சாற்றிலிருந்து 75 டன் தண்ணீரை ஆவியாக்கியாக வேண்டும். சாற்றைச் சுண்டவைக்க வரிசையாக நிற்கும் இவாப்பரேட்டர் பாத்திரங்களில் முதல் பாத்திரத்தை டர்பைனிலிருந்து வரும் நீராவி சூடாக்கும். அதில் கிளம்பும் ஆவி இரண்டாவதைச் சூடாக்கும். இப்படியே கடைசி வரை. சூடாக்கி முடித்த ஆவி குளிர்ந்து தண்ணீராகும். அதற்குப் பெயர் கண்டன்சேட். கொதிக்கக் கொதிக்க, உப்பே இல்லாத, காசு கொடுக்காமல் கிடைக்கும் வாலைவடிநீர், அதாவது டிஸ்டில்டு வாட்டர். யாருக்குத்தான் அதைக் கீழே விட மனசு வரும்?

அதனால் அதைத் திரும்பவும் பயன்படுத்துகிறார்கள். முதல் பாத்திரத்தின் கண்டன்சேட் பாய்லருக்குப் போகும். மற்றவை சக்கையின் மேல் தெளிக்க, சுண்ணாம்பு கரைக்க, பில்டர் கழுவ. எல்லாமே சாற்றை உரசிக்கொண்டு, ஒரு மெல்லிய குழாய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடி வந்த தண்ணீர். அந்தச் சுவர் எங்கே ஓட்டையாகும் என்று யாருக்கும் தெரியாது. இவ்வளவு சோதனையும் அதற்காகத்தான்: தண்ணீரில் சர்க்கரை கலந்திருக்கிறதா?

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரே சர்க்கரைக்கு இடத்துக்கு இடம் மரியாதை வேறு. மில்லில் சக்கையின் மேல் 60, 70 டிகிரியில் தெளிக்கும் தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரை இருந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். அது மறுபடி சாற்றோடு சேர்ந்து வீட்டுக்கே வந்துவிடும். கடைசிப் பாத்திரத்தின் ஆவியைக் குளிர்விக்கும் கண்டன்சர் தண்ணீரில் இருந்தால் அது நஷ்டம். பாகு அளவுக்கு மேல் பொங்கித் துளித்துளியாக ஆவியோடு பறக்கிறது என்று அர்த்தம். பணம் அந்தத் தண்ணீரை ஆறவைக்கும் குளத்தில் போய் விழுகிறது, குளமும் நாலு நாளில் வழவழத்து நாற ஆரம்பிக்கும். அதே சர்க்கரை பாய்லருக்குள் போனால் ஆபத்து. அங்கே இருக்கிற சூட்டிலும் காரத்திலும் சர்க்கரை சிதைந்து கரிம அமிலங்களாகும். 10.5, 11 என்று இருக்க வேண்டிய பிஹெச் சரசரவென்று இறங்கும். தண்ணீர் நுரைத்து நீராவியோடு சேர்ந்து மேலே ஏறும். மிச்சம் கரியாகிக் குழாயின் உள்சுவரில் ஒட்டும். ஒட்டிய இடத்தில் தண்ணீர் படாது, தீ மட்டும் படும். அந்தக் குழாய் உப்பி வெடித்தால் அந்தப் பருவத்தில் பத்து நாள் போயிற்று.

இதைக் கண்டுபிடிக்கும் முறை ரொம்பப் பழையது. ஆல்பா நாப்தால் டெஸ்ட். ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ் பெயரால் பாடப்புத்தகத்தில் வரும், நீங்களும் படித்திருப்பீர்கள். சோதனைக் குழாயில் ஆறவைத்த தண்ணீர் இரண்டு மில்லி. ஆல்கஹாலில் கரைத்த ஆல்பா நாப்தால் இரண்டு மூன்று சொட்டு. குழாயைச் சாய்த்து, அடர் சல்பூரிக் அமிலத்தைச் சுவரோரமாக மெதுவாக விட வேண்டும். அமிலம் கனமானது, அடியில் போய் உட்காரும். இரண்டும் சேரும் கோட்டில் ஊதா வளையம் தெரிந்தால் சர்க்கரை. சில பிபிஎம் (பத்து லட்சத்தில் சில பங்கு) இருந்தாலே காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் ஆலையில் 'சுகர் ட்ரேஸ்' என்ற அந்த ஒரு வார்த்தையைப் போனில் சொன்னால் போதும், பாய்லர் ஹவுஸில் தூங்கிக்கொண்டிருப்பவரும் எழுந்து கண்டன்சேட் வால்வைச் சாக்கடைப் பக்கம் திருப்பிவிடுவார். அப்புறம்தான் மற்றதெல்லாம்: பாய்லர் தண்ணீரில் ஒரு பகுதியை வெளியே விடும் ப்ளோடவுனை அதிகமாக்குவது, காஸ்டிக் சோடா போட்டுப் பிஹெச்சைத் தூக்குவது, எந்தப் பாத்திரம், சாற்றைச் சூடாக்கும் எந்த ஜூஸ் ஹீட்டர் என்று ஒவ்வொன்றாகத் தேடுவது. ஜூஸ் ஹீட்டர் மேல் எனக்கு எப்போதும் சந்தேகம் அதிகம். அங்கே சாற்றைப் பம்பு வைத்துத் தள்ளுகிறார்கள், வெளியே இருக்கும் ஆவியைவிடச் சாற்றுக்கு அழுத்தம் கூடுதல். ஓட்டை விழுந்தால் சாறு நேராகக் கண்டன்சேட்டில்தான் பாயும்.

இந்தச் சோதனைக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. கரும்புச் சர்க்கரை என்றில்லை, கார்போஹைட்ரேட் எதுவானாலும் ஊதா காட்டும். பருத்தி நூல், பில்டர் பேப்பர் நார் எல்லாமே அந்தச் சாதிதான். நான் சேர்ந்த முதல் மாதம், ஒரு ராத்திரி ஷிப்டில் எந்தச் சோதனைக் குழாயில் பார்த்தாலும் ஊதா. பாய்லருக்குள் போகும் தண்ணீர், கண்டன்சர் தண்ணீர், எல்லாமே. பதறிப்போய்ப் போன் பண்ணி, கண்டன்சேட் முழுவதையும் கீழே விடவைத்துவிட்டேன். எங்கள் சீஃப் கெமிஸ்ட் தூக்கக் கலக்கத்தோடு வந்தார். ஒன்றும் பேசாமல் ஒரு குழாயில் வாலைவடிநீரை ஊற்றி அதே டெஸ்டைப் போட்டார். அதுவும் ஊதா. "தம்பி, கையைக் காட்டு" என்றார். மூட்டை பிடிக்கும் இடத்தைச் சுற்றிவிட்டு அப்படியே வந்து குழாய்களைக் கழுவியிருக்கிறேன். கையிலிருந்த சர்க்கரைத் தூளை எல்லாக் குழாய்க்கும் பங்கு போட்டுவிட்டேன். அன்றிலிருந்து வாலைவடிநீர் வைத்து ஒரு வெறும் குழாய் பார்க்காமல் நான் போனைத் தொட்டதில்லை.

இப்போது மீட்டர் விஷயம். கண்டக்டிவிட்டி மீட்டர் தண்ணீரில் இருக்கும் அயனிகளைத்தான் பார்க்கும். உப்பு கரைந்தால் அயனியாகப் பிரியும், மீட்டர் துள்ளும். சர்க்கரை கரைந்தால் மூலக்கூறு அப்படியே முழுசாக மிதக்கும். ஒரு சிட்டிகை உப்புக்குக் கூச்சல் போடும் மீட்டர், ஒரு கரண்டி சர்க்கரைக்குக் கண்ணை மூடிக்கொள்ளும். பாய்லருக்குள் போய்ச் சிதைந்து அமிலமான பிறகு அயனி வரும்தான். ஆனால் அதற்குள் காரியம் கெட்டுவிடும். தவிர, பாய்லர் தண்ணீரில் ஏற்கெனவே போட்டிருக்கும் மருந்துகளாலேயே அந்த எண் ஆயிரக்கணக்கில் நிற்கும். அந்தச் சந்தைக் கூச்சலில் இது யார் காதில் விழும்?

ஜூரோங்கில் நடந்தது இதுதான். அது பானங்களுக்கான சிரப் தயாரிக்கும் இடம், பெயர் வேண்டாம். சர்க்கரைக் கரைசல் தொட்டிக்குள் நீராவிச் சுருள் போட்டுச் சூடாக்குவார்கள். கண்டன்சேட் திரும்ப பாய்லர் தொட்டிக்கு வரும். வழியில் ஒரு நல்ல கண்டக்டிவிட்டி மீட்டர், எப்போதும் பச்சை விளக்கு. பாய்லர் தண்ணீரை எடுத்துப் பார்த்தால் கோப்பிக் கடை தே ஓ, அதாவது பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் இருக்கிறது. பிஹெச் எட்டுக்குப் பக்கம். பாய்லரைப் பார்த்துக்கொள்பவர் ஓய்வு பெறும் வயதிலிருந்த நம்மவர். "தம்பி, மூணு நாளா பாகு அடிபிடிச்ச வாசன வருது. சொன்னா, கேண்டீன்லேந்து வருதுங்கிறாங்க" என்றார். எனக்கு அந்த நிமிடமே ஊர் ஆலை ஞாபகம் வந்துவிட்டது.

அடர் அமிலத்தை உள்ளே எடுத்துப்போகப் படிவம், கையெழுத்து என்று அரை நாள் போனது. அன்று மதியம் எடுத்த மாதிரியில் ஒன்றுமே இல்லை. மேலாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பெரியவர்தான், "காலையில முதல் ஆவி திறக்கும்போது வந்து எடுங்க" என்றார். மறுநாள் காலையில் எடுத்தேன். வளையம் என்று சொல்ல முடியாது, கோடே கறுப்பாக நின்றது. விஷயம் எளிது: ராத்திரி ஆவியை மூடியதும் சுருளுக்குள் இருந்த ஆவி குளிர்ந்து சுருங்கி வெற்றிடமாகிவிடும். ஊசிமுனை ஓட்டை வழியாகத் தொட்டியிலிருந்த சிரப்பை அது உறிஞ்சும். காலையில் முதலில் வரும் கண்டன்சேட் அதையெல்லாம் வாரிக்கொண்டு போகும். பகலில் ஆவியின் அழுத்தம் அதிகம், அதனால் ஓட்டை இருந்தும் எதுவும் உள்ளே வராது. சர்க்கரை ஆலையிலும் அரவை நின்று மறுபடி தொடங்கும் நேரம்தான் இப்படி ஏமாற்றும். மணிக்கு ஒரு முறை எடுப்பதற்கும், நின்று தொடங்கினால் உடனே எடுப்பதற்கும் காரணம் இது.

"அப்படியானால் இத்தனை டாலர் போட்டு இந்த மீட்டரை ஏன் மாட்டினோம்?" என்றார் மேலாளர். நியாயமான கேள்வி. கூலிங் தண்ணீர் கசிந்தால் அது சொல்லும், சர்க்கரையைச் சொல்லாது என்றேன். சர்க்கரையையும் பிடிக்கும் மீட்டர் வேண்டுமென்றால் மொத்தக் கரிமக் கார்பன் அளக்கும் கருவி இருக்கிறது. விலையும் பராமரிப்பும் கூடுதல், ஆனால் அதிக அழுத்த பாய்லர் வைத்திருப்பவர்கள் வாங்குவதில் அர்த்தம் உண்டு.

மற்ற சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இவை எந்த பாய்லருக்கும் பொது. கடினத்தன்மைக்கு ஈடிடிஏ கரைசல், நிறங்காட்டியாக எரியோகுரோம் பிளாக் டி போட்டால் ஒயின் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறும். காரத்தன்மைக்கு பினால்ப்தலீன், மீத்தைல் ஆரஞ்சு. குளோரைடுக்கு வெள்ளி நைட்ரேட், மஞ்சள் செங்கல் நிறமாகும்போது நிறுத்த வேண்டும். பாய்லரில் இருக்கும் குளோரைடை உள்ளே போகும் தண்ணீரின் குளோரைடால் வகுத்தால் தண்ணீர் எத்தனை மடங்கு சுண்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ப்ளோடவுன் எவ்வளவு என்பதற்கு அதுதான் கணக்கு. மின்சாரம் எடுக்கும், சதுர சென்டிமீட்டருக்கு 67, 87 கிலோ அழுத்த பாய்லர்களில் சிலிக்காவும் பார்க்க வேண்டும். அது ஆவியோடு பறந்து டர்பைன் பிளேடில் படியும். ஊரில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மையோடு தினமும் மல்லுக்கட்டுவோம், அதை நீக்கும் சாப்ட்னருக்கு உப்பு போட்டே கை காய்த்துப்போகும். இங்கே நியூவாட்டர் என்ற மறுசுழற்சித் தண்ணீர் சவ்வு வழியாக வடிகட்டி வருவது, அந்தத் தலைவலி இல்லை.

கழிவுநீரையும் கேட்டிருக்கலாம், நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் ஒரு கணக்கு. ஒரு கிராம் சர்க்கரை முழுதாக ஆக்சிஜனேற்றம் ஆக 1.12 கிராம் ஆக்சிஜன் வேண்டும். சிங்கப்பூரில் பொதுச் சாக்கடைக்குள் விடும் தொழிற்சாலைக் கழிவுநீரில் சிஓடி, அதாவது இப்படித் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு, பொதுவாக லிட்டருக்கு 600 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதாவது ஒரு டன் தண்ணீரில் அரை கிலோவுக்குச் சற்று மேல் சர்க்கரை கரைந்தாலே வரம்பு உடைந்துவிடும். ஒரு மூட்டை சிந்தியதை ஹோஸ் பிடித்துக் கழுவிவிட்டேன் என்று யாராவது சொன்னால் எனக்கு ஏன் வயிறு கலங்குகிறது என்று இப்போது புரியும்.

உங்கள் லேபில் செய்து பார்க்க ஆசை இருந்தால், தேக்கா சந்தையில் ஒரு கரும்புச்சாறு வாங்குங்கள், ஐஸ் இல்லாமல். மூன்று சொட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் ஏறக்குறைய 20 பிபிஎம் வரும். அதில் முதலில் கண்டக்டிவிட்டியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள், பிறகு ஆல்பா நாப்தாலைப் போடுங்கள். கண்ணாடி, கையுறை கட்டாயம். மாதிரி சூடாக இருக்கும்போது அமிலத்தை விடவே கூடாது, தெறிக்கும். பக்கத்தில் வாலைவடிநீர்க் குழாய் ஒன்றும் வையுங்கள். சாற்றைக் குடித்துவிட்டு வந்தால் முதலில் கையைக் கழுவிவிடுங்கள், இல்லையென்றால் அந்தக் குழாயும் ஊதாவாகத்தான் இருக்கும்.